மழைக்கு முன்னே துளிர்க்கும் மரங்கள்

பங்குனி வெயிலில் ஏரி வறண்டு பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. புல் பூண்டெல்லாம் கருகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் புங்கமரம் இருந்த இலையையெல்லாம் கொட்டிவிட்டு, சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கோயில் அரசமரம் செம்பு நிறத்தில் கொழுந்து விடுகிறது. வேம்பு துளிர்ப்பதோடு நிற்காமல் பூத்தும் விடுகிறது. அதனால்தான் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

இந்த மரங்களுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பருவமழைக்கோ இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கிறது. மழை பெய்து மண் நனைந்த பிறகு துளிர்ப்பதுதானே முறை? ஏன் இந்த அவசரம்?

தெருவோர மரங்கள் மட்டும் இப்படிச் செய்வதில்லை. பருவமழையை நம்பி வாழும் இந்தியக் காடுகளிலும் தாய்லாந்துக் காடுகளிலும் பல மர இனங்கள் முதல் மழைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே புது இலை விட்டுவிடுகின்றன. தாவரவியலாளர்களை இது நீண்ட நாள் குழப்பியது. அழிந்த காட்டை மீண்டும் வளர்த்தெடுக்க முயல்பவர்களுக்கு அது வேறு வகையில் தலைவலி. எந்த மரம் எந்த மாதம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று தெரியாமல் அவர்களால் ஒரு நாற்றுகூட உருப்படியாக வளர்க்க முடியாது.

முதலில் கொட்ட வேண்டும்

இலை என்பது மரத்துக்கு உணவு சமைக்கும் இடம். அதே சமயம் தண்ணீர் வெளியேறும் வழியும் அதுதான். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்றை உள்ளே வாங்க அவை திறக்கும்போதெல்லாம் நீராவி வெளியே போகிறது. இளம் இலை இந்தத் துளைகளைத் தேவைக்கேற்ப இறுக்கி மூடிக்கொள்ளும். முதிர்ந்த இலைக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது.

மாசி, பங்குனியில் மேல்மண் காய்ந்துவிடும். ஆனால் வளர்ந்த மரத்தின் ஆணிவேரும் பக்கவேர்களும் அடிமண் வரை போயிருக்கும். முந்தைய பருவத்து மழை அங்கே இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும். பழைய இலைகள் இருக்கும்வரை, வேர் உறிஞ்சும் நீரெல்லாம் உடனுக்குடன் ஆவியாகிப் போகிறது. அவை உதிர்ந்தால் செலவு நின்றுவிடும். வரவு நிற்காது, வேர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அடிமரமும் கிளைகளும் நீரேறிப் புடைக்கின்றன. மொட்டு விரிய வேண்டிய ஈரம் அங்கேதான் சேர்கிறது.

ஆக, இலையுதிர்வு வெறும் சிக்கனம் இல்லை. துளிர்ப்பதற்கான ஏற்பாட்டின் முதல் படி அது. வேர் ஆழமாகப் போகாத மரமும், பாறைமேல் ஒரு சாண் மண்ணில் நிற்கும் மரமும் இதைச் செய்ய முடியாது. அவை மொட்டையாகவே மழைக்குக் காத்திருக்கும். ஒரே மலைச்சரிவில், ஒரே ஏப்ரலில், பச்சை மரமும் எலும்புக்கூடு போன்ற மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதற்கு இதுவே காரணம்.

முதுமலையின் பூச்சிகள்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தது. ஆனால் முடியும் என்பதாலேயே ஒரு மரம் எதையும் செய்வதில்லை. சேர்த்த ஈரத்தை வைத்துக்கொண்டு மழைவரை பொறுத்திருக்கலாமே?

பதிலின் ஒரு பாதி நீலகிரி அடிவாரத்தில் கிடைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முரளியும் ரமன் சுகுமாரும் முதுமலையின் இலையுதிர் காட்டில் துளிர்ப்பையும் பூச்சிக் கடியையும் சேர்த்துக் கவனித்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வறண்ட காலத்திலேயே துளிர்த்த மரங்களின் இலைகள் குறைவாகக் கடிபட்டிருந்தன. மழை தொடங்கிய பிறகு துளிர்த்தவை அதிகம் கடிபட்டிருந்தன.

காரணம் எளிது. இலை தின்னும் புழுக்களும் வண்டுகளும் மழையோடுதான் பெருகுகின்றன. கொழுந்து அவற்றுக்கு விருந்து; முற்றிய இலையோ நார் ஏறி, கசப்பேறிக் கிடக்கும். பங்குனியில் துளிர்த்த இலை, ஆனியில் பூச்சிப்படை வந்து சேரும்போது முற்றிவிடுகிறது.

இன்னொரு பாதி மரத்தின் வருமானக் கணக்கு. மழைக்காலம் குறுகியது. அது தொடங்கும் நாளிலேயே முழுதாக வளர்ந்த இலைகள் தயாராக இருந்தால் ஒரு நாள்கூட வீணாகாது. மழை வந்த பின் துளிர்க்க ஆரம்பிக்கும் மரம் பருவத்தின் முதல் சில வாரங்களை இலை வளர்ப்பதிலேயே கழித்துவிடும்.

பகல் நீள்வதை அறியும் மொட்டு

சரி, மழை வரப்போவது மரத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கோடை மழை தவறிய ஆண்டிலும் அதே வாரங்களில்தான் அவை துளிர்க்கின்றன. வெப்பமும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. மாறாத ஒன்று பகலின் நீளம்.

வெப்பமண்டலத்தில் பகல் பெரிதாக நீள்வதோ குறுகுவதோ இல்லை என்றே பலரும் நினைக்கிறோம். முதுமலையில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 20 நிமிடம்தான். வட தாய்லாந்தின் சியாங்மாயில் அது 2 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஸ்டீபன் எலியட், பாட்ரிக் பேக்கர், ரோல்ஃப் போர்ச்சர்ட் ஆகிய மூவரும் 2006-இல் ஆசியப் பருவமழைக் காடுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், மார்ச் மாதச் சமநாளை ஒட்டிய துளிர்ப்பைத் தூண்டுவது நீளும் பகல்தான் என்று வாதிட்டார்கள். 30 நிமிடமோ அதற்கும் குறைவாகவோ பகல் நீண்டாலே மொட்டுகளுக்குப் போதுமாம்.

இந்த மூவரில் முதலாமவரின் அன்றாட வேலை இலைத் துளிர்ப்பின் மர்மத்தை அவிழ்ப்பதல்ல, காடு வளர்ப்பது. மரத்தடியில் மாதாமாதம் நின்று குறிப்பெடுக்கும் பழக்கம் அந்தத் துறையில் எப்படி வந்தது என்பது தனிக் கதை.

விதை எடுக்க ஒரு நாள்காட்டி

சியாங்மாய் நகரத்துக்கு மேற்கே ஓங்கி நிற்கிறது தோய் சுதேப் மலை. பூக்கும் தாவரங்களும் பெரணிகளுமாக 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவான தேசியப் பூங்கா அது. ஆனாலும் அதன் சரிவுகளில் பல இடங்கள் வெட்டி, எரித்து, பயிர் செய்து, கைவிடப்பட்டுத் தர்ப்பைப்புல் மண்டிப் போயிருந்தன. 1994-இல் சியாங்மாய் பல்கலைக்கழகம் அங்கே காடு மீட்பு ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. எலியட் அதை நிறுவியவர்களில் ஒருவர்.

வனத்துறையினருக்குத் தேக்கு வளர்க்கத் தெரியும், பைன் வளர்க்கத் தெரியும், தைல மரம் வளர்க்கத் தெரியும். காட்டில் தானாக வளரும் நூற்றுக்கணக்கான மற்ற மரங்களைப் பற்றிக் கேட்டால் கைவிரிப்புதான். எந்த மாதம் பழுக்கும்? விதை எத்தனை நாளில் முளைக்கும்? நாற்று எவ்வளவு வேகமாக வளரும்? புத்தகங்களில் இலையின் வடிவமும் பூவிதழின் எண்ணிக்கையும் இருந்தன; நாற்றங்கால்காரருக்கு வேண்டியது எதுவும் இல்லை.

எனவே மரங்களிடமே கேட்க வேண்டியிருந்தது. பாதையோரத்து மரங்களில் எண் பொறித்த தகடு அடித்து, மாதந்தோறும் போய்ப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை தொடங்கியது. ஓர் உயிரின் ஆண்டு முழுதும் எது எப்போது நடக்கிறது என்று பதியும் இந்தத் துறையைப் பருவநிகழ்வியல் எனலாம். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அதன் கருவிகள் ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பென்சில். மழையில் பேனா மை கரைந்துவிடும்.

மதிப்பெண் போடும் முறையின் வேர் இலங்கையில் இருக்கிறது. 1959-இல் கோல்மேயர் என்ற வனவியலாளர் இலங்கைக் காடுகளின் இலை மாற்றத்தையும் பூப்பையும் பற்றி எழுதியபோது கையாண்ட வழியைத்தான் தாய்லாந்தில் சற்றே மாற்றிப் பயன்படுத்தினார்கள். மரத்தின் தலைப்பரப்பை மனத்தால் நான்கு பங்காக்க வேண்டும். இலைக்கு மொத்தம் 4 மதிப்பெண். அதில் பாதி மொட்டைக்கிளை, கால் பங்கு கொழுந்து, கால் பங்கு முற்றிய இலை என்றால் 2, 1, 1. பூவுக்கும் காய்க்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை. அந்த இனம் அதிகபட்சமாகப் பூத்தால் எப்படி இருக்குமோ அது 4.

சொல்வது எளிது, மரத்தடியில் நின்றால் கழுத்து வலிக்கும், சந்தேகமும் வரும். முப்பது மீட்டர் உயரத்தில் சிவப்பாகத் தெரிவது பூவா, செங்கொழுந்தா? பல காட்டு மரங்களின் இளம் இலை சிவப்புதான். உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிப் பார்க்க வேண்டும்: இதழ் கிடந்தால் பூ, இலைமொட்டுச் செதில் கிடந்தால் கொழுந்து. பச்சையாய்த் தொங்கும் காய் முற்றியதா என்று அறிய, கீழே விழுந்த ஒன்றைக் கத்தியால் பிளக்கிறார்கள். பருப்பு வெண்மையாகக் கெட்டிப்பட்டிருந்தால் விதை தயார். கூழாக இருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். சிறு துளையும் தூளும் இருந்தால் வண்டு முந்திக்கொண்டது.

இப்படி ஓர் ஆண்டு பார்த்துவிட்டு நாள்காட்டி போட்டுவிட முடியாது என்பதுதான் இதில் பொறுமையைச் சோதிக்கும் விஷயம். மாமரம் ஓராண்டு காய்த்துக் குலுங்கி மறு ஆண்டு ஓய்வெடுப்பது போலவே காட்டு மரங்கள் பலவும் செய்கின்றன. ஓர் ஆண்டின் குறிப்பை மட்டும் நம்பினால் காய்க்கவே காய்க்காத மரம் என்று ஒன்றை ஒதுக்கிவிட நேரும்.

காட்டுச் செர்ரியின் பதினான்கு மாதம்

நாள்காட்டி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

சியாங்மாய் மலைகளில் டிசம்பர், ஜனவரியில் இலையில்லாக் கிளை முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் ஒரு காட்டுச் செர்ரி உண்டு. இமயமலைச் சரிவிலும் வளரும் இனம். பூப் பார்க்கக் கூட்டம் வரும். காடு வளர்ப்பவர்கள் வருவது அதற்குப் பிறகு, மார்ச், ஏப்ரலில், அந்தச் சிறு பழங்கள் சிவக்கும்போது. அப்போது அவர்களுக்குப் போட்டி கொண்டைக்குருவிகள். பழுத்த சில வாரங்களுக்குள் பறிக்காவிட்டால் மரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நடவு நாளும் ஆய்வாளர் கையில் இல்லை. மழைக்காலம் பிடித்துக்கொண்ட ஜூன் நடுவில் நட்டாக வேண்டும். நவம்பரில் மழை நின்றுவிடும்; அதற்குள் வேர் அடிமண்ணைத் தொடாவிட்டால் முதல் கோடையிலேயே கன்று செத்துவிடும். ஆகஸ்டில் நட்டால் அந்த அவகாசம் கிடைக்காது. நடும்போது கன்று 30 முதல் 50 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் புல் அமுக்கிவிடும்.

ஏப்ரலில் எடுத்த விதைக்கு ஜூனுக்குள் இருப்பது இரண்டே மாதம். முளைத்து இரண்டு விரற்கடை வளர்வதற்குள் நடவு முடிந்துவிடும். எனவே அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும்: மொத்தம் 14 மாதம். செர்ரியோ வேகமாக வளரும் மரம். 14 மாதம் பாலித்தீன் பைக்குள் அடைத்து வைத்தால் தண்டு நீண்டு சாயும். வேர் பைக்குள் இடமில்லாமல் வளையம் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய வேர் மண்ணுக்குப் போனாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கொழுந்தைக் கிள்ளியும் வேரை வெட்டியும் கட்டுப்படுத்த வேண்டும். அல்லது விதை தாங்கும் இனமென்றால் உலர்த்திக் குளிரில் வைத்து, தாமதித்து விதைக்க வேண்டும்.

ஏப்ரல் நடுவில் போக வேண்டியவர் மே நடுவில் போனால் என்ன ஆகும்? பழம் இல்லை. அடுத்த பழம் அடுத்த ஏப்ரலில், அதன் நடவு அதற்கும் அடுத்த ஜூனில். ஒரு மாதம் தவறினால் ஓர் ஆண்டு போயிற்று.

இது ஓர் இனத்தின் கணக்கு. ஒரு நடவுக்கு 20 முதல் 30 இனங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் பழுத்து, வெவ்வேறு காலம் உறங்கி முளைத்து, வெவ்வேறு வேகத்தில் வளர்ந்து, ஒரே வாரத்தில் ஒரே உயரத்தில் தயாராக இருக்க வேண்டும். உறக்கத்தை அளக்க நாற்றங்காலில் ஒரு நேரான வழி வைத்திருக்கிறார்கள்: முளைக்கக்கூடிய விதைகளில் பாதி முளைப்பதற்கு எத்தனை நாள் என்று எண்ணுவது. சில இனங்களுக்கு ஒரு வாரம். சிலவற்றுக்குப் பல மாதம்.

காயப் பொறுக்காத விதைகள்

விதையைச் சேமித்து வைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். புளியங்கொட்டையைப் பானையில் போட்டு வைத்து ஆண்டு கழித்து விதைத்தாலும் முளைக்கிறது. மாங்கொட்டையை அப்படி வைத்துப் பாருங்கள்! பலாக்கொட்டையும் அதே ரகம்தான். ஈரம் போனால் உயிரும் போய்விடும். 1973-இல் ராபர்ட்ஸ் என்ற விதையியலாளர் விதைகளை இவ்விரு கூட்டமாகப் பிரித்துக் காட்டினார். முதல் கூட்டத்தைக் காயத் தாங்கும் விதைகள் என்றும், இரண்டாவதைக் காயப் பொறுக்காத விதைகள் என்றும் சொல்லலாம்.

ஈரமான காடுகளின் பெரிய விதைகள் பலவும் இரண்டாம் கூட்டம். தோய் சுதேப்பின் ஓக் குடும்ப மரங்கள் அப்படி. இவற்றுக்குக் குளிர்பெட்டி உதவாது. விழுந்த சில நாட்களுக்குள் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, உடனே விதைக்க வேண்டும். அதாவது மரத்தின் நாள்காட்டியை மீற மனிதருக்கு வழியே கிடையாது.

நட்ட பிறகு

நடுவதற்கு 20, 30 இனங்கள் எப்படித் தேர்வாகின்றன என்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் 1980-களில் உருவான யோசனை. காட்டின் எல்லா மரங்களையும் மனிதர் நட வேண்டியதில்லை. கடுமையான வெட்டவெளியில் பிழைத்து, சீக்கிரம் நிழல் பரப்பிப் புல்லைக் கொன்று, இளமையிலேயே பழம் கொடுத்துப் பறவைகளை இழுக்கும் சில மரங்களை நட்டால் போதும். மீதி விதைகளைப் பறவையும் வௌவாலும் கொண்டுவரும். இவற்றைச் சட்டக மரங்கள் என்று அழைக்கலாம். காட்டுச் செர்ரி ஒரு நல்ல சட்டக மரம். மூன்றாம் ஆண்டிலேயே பூத்துக் காய்க்கும். நம்மூர்க் குமிழ மரமும் சியாங்மாய்ப் பட்டியலில் உண்டு.

1.8 மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்குச் சுமார் 3,100 கன்று. இவ்வளவு நெருக்கம் எதற்கு என்றால், இரண்டு மூன்று ஆண்டில் கிளைகள் கூடி நிழல் கவிய வேண்டும். அதுவரை முதல் இரு மழைக்காலங்களிலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை களையெடுப்பு, உரம். ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். மார்ச், ஏப்ரலில் அந்த மலைகளில் தீ வராத ஆண்டு அரிது. தோய் சுதேப்பின் மே சா மாய் கிராமத்து ஹ்மாங் மக்கள் சொந்தமாக நாற்றங்கால் வைத்து இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள். நாற்று நடும் நாளில் எடுக்கும் புகைப்படங்களில் இந்த வேலைகள் எதுவும் தெரிவதில்லை.

கன்றை எண்ணுவதும் பருவம் பார்த்துத்தான். நட்ட உடனே ஒருமுறை, முதல் மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறை, இரண்டாம் மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறை. உயிருடன் உள்ளதா, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலத்துக்குத் தலை பரப்பியுள்ளது என்று அளந்து, தேறாத இனத்தை அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மே சா மாயின் நடவு இடங்களில், நடுவதற்கு முன் சுமார் 30 பறவை இனங்கள் காணப்பட்டன. ஆறு ஆண்டில் அது 88 ஆனது. எட்டு, ஒன்பது ஆண்டு கழித்து எண்ணியபோது யாரும் நடாத 73 மர இனங்கள் தாமாக முளைத்திருந்தன.

அந்த 73-இல் பெரும்பாலானவை கொண்டைக்குருவி விழுங்கக்கூடிய அளவுள்ள விதைகள். பெரிய விதையைச் சுமக்க யானை வேண்டும், இருவாச்சி வேண்டும். தோய் சுதேப்பில் அவை அற்றுப்போய்விட்டன. பெரிய விதை மரங்களை அங்கே மனிதர்தான் நட்டாக வேண்டும்.

வால்பாறையின் துண்டுக் காடுகள்

இருவாச்சி இன்னும் பறக்கும் ஆனைமலையில் நிலைமை வேறு. வால்பாறை மேட்டில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக நிற்கிறது. மைசூரில் உள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் தம் குழுவினரோடு இருபது ஆண்டுக்கும் மேலாக அந்தத் துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள். விதையில் ஒரு பங்கு சாலையோரத்திலிருந்து வருகிறது. தார்ச்சாலையில் விழுந்த விதை எப்படியும் சக்கரத்தில் நசுங்கத்தான் போகிறது. அதை எடுப்பதால் காட்டுக்கு நட்டமில்லை.

இங்கே மழை ஓய்ந்த மாதங்களில் பூக்கும் மரங்கள் பல. வெடிப்பலா மரம் ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. காட்டில் வேறு தீனி குறைந்த அந்த நேரத்தில் சிங்கவால் குரங்குகளும் அணில்களும் அதன் சதைப்பற்றான பூவையே தின்று ஓட்டுகின்றன. முள் போர்த்த காய் முற்றி வெடிப்பது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி. பெரிய விதை, காயப் பொறுக்காத ரகம். அட்டைக் கடியோடுதான் பொறுக்க வேண்டும்.

2019-இல் இந்தக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நட்டு 7 முதல் 15 ஆண்டு ஆன இடங்களை, அதே துண்டுக் காடுகளில் நடாமல் விட்ட இடங்களோடும் சேதமாகாத காட்டோடும் ஒப்பிட்டது. நட்ட இடங்களில் நிழலும் மர இனங்களும் மரத்தில் சேர்ந்த கரிமமும் கூடுதலாக இருந்தன; நல்ல காட்டின் அளவை எட்ட இன்னும் தூரம் இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்கப் போகிறவை வெடிப்பலா போல நிழலில் மெல்ல வளரும் மரங்கள். முன்பு நட்டவை குடை பிடிக்கத் தொடங்கிய இடங்களில் அவற்றின் கன்றுகள் அடுத்தடுத்த மழைக்காலங்களில் இறங்குகின்றன. விதை விழும் மாதமும் நடும் மாதமும் அங்கே ஏறக்குறைய ஒன்றாக வருவதால், இந்த ஆண்டு பொறுக்கியதை நடுவது மிக விரைவாக என்றாலும் அடுத்த ஆண்டில்தான்.